நெத்திச் சந்தனம்

இருக்கட்டுங்க்கா, உள்ள வரலீங்க. இந்த ஸ்டூலே போதும். நீங்க பாட்டுக்குப் பனியன் பிசிறு வெட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசீட்டு இருக்கேன். நானும் பனியன் கம்பெனிதானுங்க, செக்கிங்ல இருக்கேன். பீஸ் கணக்குல வேலை செய்யறவங்க கையை நிறுத்திப்போட்டு ஒருத்திகூடப் பேச முடியுமுங்களா. எம்பேரு சுகந்திங்க. உங்கம்மா ரங்காத்தாளம்மா ஆயாவா இருந்தாங்கள்ல, அந்த ஸ்கூல் வேன்லதான் எம்பொண்ணு போனா. மிருதுளான்னு பேரு. அம்மா சொல்லியிருப்பாங்க.

சொல்லியிருக்காங்களா? என்னன்னு சொன்னாங்க? மடியில தூங்கற புள்ளைன்னா. ம். அவளேதானுங்க.

அதோ பாருங்க, வீதி முக்குல, டீக்கடைகிட்ட ஸ்கூட்டரை நிறுத்தீட்டு குடை புடிச்சிருக்கறது எங்கூட்டுக்காரரு. பின்னால ஒக்காந்திருக்கறவ அவதான். வாடின்னா வரமாட்டீங்கறா. சளி புடிச்சிருக்குதாமா, சளியோட அடுத்தவங்க ஊட்டுக்குள்ள போகக்கூடாதாமா. ஒம்பது வயசுப் புள்ளைக்கு எதுக்குங்க இத்தனை ரோசனை. என்ற வயித்துல பொறந்துட்டு இவ்வளவு நறுவிசு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியலீங்க.

எதுக்கு வந்தேன்னு மொதல்ல சொல்லிப்போடறனுங்க. நாளைக்குக் கார்த்திகை ஒண்ணு. அவங்கப்பாகூட இவளும் ஐயப்பனுக்கு மாலை போடோணும். வர்ற தையோட பத்து வயசு முடியுது. அதுக்கப்பறம் பொம்பளைப் புள்ளைய மலைக்குக் கூட்டீட்டுப் போக முடியாதுங்களே, இதுதான் அவளுக்குக் கடைசி வருசம். போன வருசமே போட்டா. போட்டு, அது வேற மாதிரி ஆயிப்போச்சு. இந்த வருசம் போடுடி சாமின்னா, ‘ரங்காயா ஊட்டுல போயி உள்ளதைச் சொல்லீட்டு வா, அப்பத்தான் போட்டுக்குவேன்’னுட்டா. அவங்கப்பாவுக்கும் அதேதானுங்க. மூணு ஞாயித்துக்கெழமை ஆப்பிள் வாங்கீட்டு இந்த முக்கு வரைக்கும் வந்தேன். மூணு வாட்டியும் திரும்பிப் போயி அந்த ஆப்பிளை நாங்களே தின்னோம். அவ மட்டும் தொடலை.

இன்னைக்கு வெறுங்கையோட வந்துட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க.

போன வருசம் ஐப்பசி மழை எப்படின்னு உங்களுக்குத் தெரியாதா. தொவைச்ச துணி காயலை, வீதிக்கு வீதி தண்ணி, ஊட்டுக்கு ஊடு காய்ச்சல். தீவாளி முடிஞ்சதுல இருந்து எங்கூட்ல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் இருமல்தான். காலைல எந்திரிச்சா ஒரு அடுப்புல கசாயம், ஒரு அடுப்புல சோறு. இவளுக்கு மூக்கு ஒழுகும், அவருக்குத் தொண்டை கட்டும். எனக்கும் காய்ச்சல்தான், ஆனா எனக்கு வந்தா அது காய்ச்சல் கணக்குல வராதுங்க, பொம்பளைக்கு ஏது படுக்கறதுக்கு நேரம். ஸ்கூல்ல வேற கேட்டுல ஒரு டீச்சரை நிறுத்தி, அந்தத் துப்பாக்கி மாதிரி இருக்குமே, அதை ஒவ்வொரு புள்ளை நெத்திக்கும் காட்டுவாங்க. நூறைத் தாண்டுச்சுன்னா அதே வேன்ல திருப்பித் தாட்டிவிட்டுருவாங்க. தாட்டிவிட்டா ஊட்ல ஆரு இருக்கா? எங்கம்மா இல்லை. அவரோட அம்மா ஊருல மாடு கன்னை விட்டுப்போட்டு வரமாட்டாங்க. கம்பெனில சிப்மெண்டு நேரம், ஒரு நாள் லீவுன்னாலே மொகத்தைத் தூக்கி வெச்சுக்குவாங்க. ஏற்கனவே தீவாளி கழிச்சு மூணு நாள் போட்டாச்சு.

கார்த்திகை ஒண்ணு மாலை போட்டாங்க, அப்பனும் மகளும். அஞ்சாம் நாளு இவளுக்கு ஒடம்பு கொதிக்குது. டாக்டர்கிட்ட ஓடுனேன். மூக்குல குச்சி விட்டுப் பாத்துட்டு, இது ஃப்ளூ காய்ச்சல், நெம்ப வேகமாப் பரவும், அஞ்சு நாளைக்கு ஊட்டோட வைங்கன்னு எழுதியே குடுத்தாருங்க. ஒரு நாள் வெச்சிருந்தேன். மறுநாள் சூப்பர்வைசர் போன் பண்ணி, வர்றியா, வேற ஆளைப் போடட்டுமான்னு கேட்டான். நீங்களே சொல்லுங்க, நான் என்ன பண்ணியிருக்கோணும்?

காலைல ஆறே முக்காலுக்குச் சிரப்பு குடுத்தா மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும் தாங்கும். இது எல்லா அம்மாவும் பண்றதுதானுங்க, நான் ஒண்ணும் புதுசாக் கண்டுபுடிக்கலை. ஆனா சிரப்பு வேலை செய்ய நேரமாகும், வேன் ஏழரைக்கே வந்துரும், கேட்டுல போயி நிக்கறப்ப நெத்தி சுடுமே. அப்பத்தானுங்க எனக்குச் சந்தனம் தோணுச்சு. மாலை போட்ட புள்ளை, நெத்தி நெறையச் சந்தனம் வெச்சா ஆரு கேப்பா? ஈரச் சந்தனத்தைக் கெட்டியாக் குழைச்சு, ஃபிரிட்ஜுல வெச்சு எடுத்து, பட்டையாப் பூசிவிட்டேன். அந்தத் துப்பாக்கிக்குச் சந்தனத்தோட குளிர்ச்சிதான் தெரியும், நெத்திச் சூடு தெரியாது. தொண்ணுத்தேழுன்னு காட்டுச்சாமா. டீச்சர் ‘சாமி சரணம்’னு சொல்லி உள்ள விட்டுச்சாமா. எனக்கு அன்னைக்கு என்னை நெனச்சே பெருமைங்க. எஞ்சினியருக்குப் படிச்சிருக்கலாம்னு தோணுச்சு.

கீழ் ஊட்டு ராகினிகிட்டயும் அவ தங்கச்சிகிட்டயும் சொன்னேன். ரெண்டே நாள்ல பாத்தா அந்த வேன்ல பாதிப் புள்ளைக நெத்தியில சந்தனம். மாலை போடாத புள்ளைகளும். அதனாலதான் சொல்றேன், உங்கம்மாவுக்கு ஆருகிட்ட இருந்து ஒட்டுச்சுன்னு ஆருங்க கண்டது? அத்தனை புள்ளைக, அத்தனை இருமல்.

இல்லீங்க, சப்பைக்கட்டுக் கட்டறதுக்கு வரலை. சொல்லத்தான் வந்தேன். சித்த பொறுங்க.

இவ வேன்ல ஏறுனா நேரா உங்கம்மா பக்கத்துலதான் போயி ஒக்காருவா. எல்.கே.ஜி.யில இருந்தே அப்படித்தான். காய்ச்சல் அன்னைக்கு ஏறும்போதே உங்கம்மா பொடனியத் தொட்டுப் பாத்துட்டு, ‘கண்ணு, சுடுதே சாமி’ன்னாங்க. நான் கீழ நிக்கறேன். நான் வாயத் தொறக்கறதுக்கு முன்னால எம்பொண்ணு, ‘இல்லீங்க ஆயா, எனக்குக் காய்ச்சல் இல்லை’ன்னா. நான் சொல்லிக் குடுத்ததுதானுங்க. காலைல தலை பின்னீட்டே சொன்னேன். அவ அப்பவே கேட்டா, ‘அம்மா, மாலை போட்டிருக்கேன், பொய் சொல்லக்கூடாதுல்ல?’ன்னு. பொய் சொல்லக்கூடாது, அடுத்தவங்க மனசு நோகப் பேசக்கூடாது, மாலை போட்டா இதெல்லாம் இருக்குதுங்களே, குருசாமி அத்தனையும் சொல்லித்தான் போட்டுவிட்டாரு. நான், ‘சாமி ஸ்கூலுக்கெல்லாம் வராதுடி, நேரமாச்சு, ஷூவைப் போடு’ன்னேன்.

நாலு நாளு. நாலு நாளும் உங்கம்மா அவளை மடியில போட்டுத் தட்டிக் குடுத்துட்டேதான் போனாங்களாம், முந்தானையப் போத்தி. ஆருங்க மடியில வெச்சுக்கச் சொன்னது? ஆயான்னா ஏத்தி எறக்கோணும், கதவைச் சாத்தோணும், அவ்வளவுதானே. சக்கரை இருக்குது, மூச்சுத் திணறல் இருக்குதுன்னு தெரிஞ்ச மனுசி, இருமற புள்ளைய நெஞ்சோட அணைச்சுட்டா போவாங்க? நான் சொல்றது தப்புங்களா?

தப்புதானுங்க. நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்கன்னு தெரியுது.

அஞ்சாம் நாளு வேன்ல வேற ஆயா. ரங்காயாவுக்கு ஒடம்புக்கு முடியலைன்னாங்க. மழைக்காலம், எல்லாருக்கும் வர்றதுதானேன்னு விட்டுட்டேன். எம்பொண்ணுக்கு அதுக்குள்ள சரியாயிருச்சு, பச்சைப்புள்ளைகளுக்கு வந்த வேகத்துல போயிரும். அதுக்கு ஏழாம் நாளு டிரைவர் சொன்னாரு, அம்மா போயிட்டாங்கன்னு. நான் எழவுக்கு வரலீங்க. மாலை போட்ட ஊடு, சாவு ஊட்டுக்குப் போகக்கூடாதுன்னு சாக்கு இருந்துச்சு. நல்ல சாக்குங்க அது. ஊருல ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்க முடியாது.

இதாங்க்கா. எம்புள்ளைக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சே அனுப்புனேன், அவளைப் பொய் சொல்லவும் வெச்சேன். சொல்லீட்டேன்.

தண்ணியா? வேண்டாமுங்க. போறேன்.

போறேன்னுட்டு ஒக்காந்தே இருக்கேன் பாருங்க.

மலைக்குப் போனாங்க, மார்கழி பொறந்து. நான் போக முடியாதுங்களே, ஊட்ல வெளக்கு வெச்சுட்டு இருந்தேன். பதினெட்டாம்படிகிட்டப் போனதும் எம்பொண்ணு நின்னுக்கிட்டாளாம். தலையில இருமுடி, பின்னால கூட்டம் தள்ளுது, போலீஸ்காரரு கையப் புடிச்சுத் தூக்கிவிடப் பாக்கறாரு. இவ தேங்கா ஒடைக்கற எடத்துல கீழ ஒக்காந்துட்டாளாம். ‘நான் ஏறக்கூடாதுப்பா. மாலையோட பொய் சொல்லிட்டேன். ரங்காயா செத்துட்டாங்க’ன்னாளாம். அவருக்கு ஒண்ணுமே தெரியாது. சந்தனம் தெரியாது, சிரப்பு தெரியாது. அத்தனை சனத்துக்கு நடுவுல நின்னு எல்லாத்தையும் கேட்டிருக்காரு. குருசாமி எவ்வளவோ சொல்லியும் ஏறலை. அவரும் ஏறலைங்க. பதினெட்டு வருசமாப் போறவரு. இருமுடிய குருசாமிகிட்டக் குடுத்துப்போட்டு, சுத்துவழியில புள்ளையக் கூட்டீட்டுப் போயி, தூரத்துல நின்னு கும்பிட்டுட்டு வந்துட்டாரு.

ஊட்டுக்கு வந்து என்னை அடிச்சிருந்தாக்கூடப் பரவால்லீங்க. வட்டலை முன்னால வெச்சேன். சாப்புடாம, ‘ஏன் சுகந்தி?’ன்னு மட்டும் கேட்டாரு. நான் கம்பெனி, சிப்மெண்டு, லீவுன்னு அடுக்குனேன். ‘என்னைக் கேட்டிருந்தா நான் லீவு போட்டிருப்பேனே’ன்னாரு. அது ஒண்ணு எனக்குத் தோணவே இல்லீங்க. சத்தியமா. அவரு லீவு போடலாம்னு எனக்குத் தோணவே இல்லை.

அன்னையில இருந்து எங்கூடு ஊடாவே இல்லீங்க்கா. காலைல எந்திரிச்சதும் இவ கண்ணாடி முன்னால நின்னு, பொறங்கையை நெத்தியில வெச்சு வெச்சுப் பாக்கறா. பல்லுகூட அப்பறம்தான் வெளக்கறா. ஒரு தும்மல் வந்தாப் போதும், பாயை எடுத்துட்டு அந்த ரூமுக்குப் போயிருவா. நான் கிட்டப் போனா, ‘வராதம்மா, உனக்கு ஏதாச்சும் ஆயிரும்’ங்கறா. ஒரு வருசமா எம்மடியில அவ ஒக்காந்ததில்லீங்க. சோறு ஊட்டறேன்னாலும் தானே தின்னுக்கறேங்கறா. வேன்ல உங்கம்மா ஒக்காந்த சீட்டுல யாரையும் ஒக்கார விடமாட்டாளாமா, பையை வெச்சு மறிச்சுக்குவாளாமா. டிரைவர் என்கிட்ட வந்து, பாப்பா யாருகூடவோ பேசீட்டே வருதுங்கன்னு சொல்றாரு. என்ன பேசறீன்னு கேட்டேன். ‘ஆயாகிட்டத்தாம்மா. சுடுதுன்னு சொல்லீட்டிருந்தேன்’னா.

எனக்கும் அப்படித்தானுங்க. மத்தியானம் பன்னெண்டு மணியாச்சுன்னா செக்கிங் டேபிள்ல எங்கை நின்னு போகுது. சிரப்பு எறங்கற நேரம். இப்பச் சூடு ஏறும், இப்பப் புள்ளை டெஸ்க்குல தலைய வெச்சுப் படுத்திருக்கும்னு மனசு சொல்லும். புள்ளைக்குக் காய்ச்சல் போயி ஒரு வருசமாச்சு, எனக்கு இன்னும் எறங்கலை. போன மாசம் ஒருக்கா, சரியா பன்னெண்டே காலுக்குப் போன் அடிக்குது. எடுத்துப் பாத்தா ‘ரங்காயா வேன்’னு பேரு வருது. கையில இருந்த பனியனைக் கீழ போட்டுட்டேன். எடுக்கலை. ஓஞ்சுது. ரெண்டாவது வாட்டி அடிக்கலை.

நீங்களா? அம்மா போனை நீங்கதான் வெச்சிருக்கீங்களா. கை பட்டிருக்கும்ங்கறீங்க. சரிதானுங்க, கை பட்டிருக்கும். நான் ஒரு மாசமா என்னென்னவோ நெனச்சுட்டேன்.

அந்த நம்பர்ல இருந்துதான் அன்னைக்கும் வந்துச்சு.

அக்கா, நான் போறேன்னு சொல்லியும் போகாம ஒக்காந்திருக்கறது இதுக்குத்தானுங்க. எம்பொண்ணு உள்ளதைச் சொல்லுன்னது அவ சொன்ன பொய்யை இல்லை. அவ கேட்டுட்டு நின்னாளே, அதை.

உங்கம்மா படுத்து மூணாம் நாளு. பொழுதோட ஆறு மணி இருக்கும். நான் சப்பாத்திக்கு மாவு பெசஞ்சுட்டிருந்தேன், விரதத்துக்கு. கையெல்லாம் மாவு, அதனால போனை ஸ்பீக்கர்ல போட்டேன். இவ பக்கத்துல தேய்ச்சுக் குடுத்துட்டிருக்கா. உங்கம்மா மூச்சு வாங்கி வாங்கிப் பேசுனாங்க. ‘சுகந்தி கண்ணு, ஒண்ணும் நெனச்சுக்காத. டாக்டரு கேக்கறாரு, காய்ச்சல்காரங்க ஆருகூடவாச்சும் இருந்தியான்னு. டெங்குவா வேறயான்னு தெரியலையாமா. பாப்பாவுக்கு அன்னைக்குச் சுட்டுச்சே, என்ன காய்ச்சல்னு ஏதாச்சும் சொன்னாங்களா?’ன்னு. பின்னால ஒரு குரல், ‘வெரசாக் கேளும்மா, டாக்டரு கெளம்பறாரு’ன்னுச்சு. அது உங்க குரலுங்க. இப்ப நீங்க தண்ணி வேணுமான்னு கேட்டதும் தெரிஞ்சுபோச்சு.

டாக்டர் எழுதிக் குடுத்த சீட்டு என்ற கண்ணு முன்னாலதான் இருந்துச்சு, ஃபிரிட்ஜு கதவுல. என்ன காய்ச்சல்னு கொட்டை எழுத்துல. ரெண்டு வார்த்தை, படிச்சிருந்தாப் போதும். நான் சொன்னேன்: ‘இல்லீங்கம்மா, பாப்பாவுக்குக் காய்ச்சலே இல்லீங்க. அது வெயில் சூடு.’ வெளிய அடைமழை கொட்டுது, வெயில் சூடுங்கறேன். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கறதுன்னு சொல்லுவாங்களே, நான் சோறே இல்லாம மறைச்சேன்.

ஏன்னு கேக்காதீங்க. ஸ்கூலுக்குத் தெரிஞ்சா வேன்ல ஏத்தமாட்டாங்கன்னு பயமா, சந்தனம் வெச்சது வெளிய வந்துரும்னா, தெரியலீங்க. வாய் தானாச் சொல்லிருச்சு. உங்கம்மா, ‘நல்லவேளை கண்ணு, புள்ளைக்கு ஒண்ணுமில்லைன்னாச் சரி’ன்னுட்டு வெச்சுட்டாங்க. இவ சப்பாத்திக் கட்டையைப் புடிச்சுட்டு என்னையே பாத்தா. நான் ‘என்னடி பாக்கறே, தேய்’னேன். தேய்ச்சா.

பொறகு டிரைவர்தான் சொன்னாரு. இன்ன காய்ச்சல்னு ரெண்டு நாள் முன்னாலயே தெரிஞ்சிருந்தா அதுக்குண்டான மாத்திரைய ஆரம்பிச்சிருக்கலாம்னு டாக்டரு சொன்னாராமே. பொழைச்சிருப்பாங்கன்னு சொல்லலீங்க. ஆனா ரெண்டு நாளு இருந்துச்சுங்க்கா. அந்த ரெண்டு நாளை நான்தான் எடுத்துக்கிட்டேன்.

கத்திரியை வெச்சுட்டீங்க. ஏதாச்சும் சொல்லுங்க. திட்டுங்க, வாரியலை எடுத்து அடிங்க, நான் நகரமாட்டேன்.

ஏனுங்க, துணியெல்லாம் ஏன் உள்ள எடுக்கறீங்க? குடுங்க, நான் தூக்கித் தர்றேன். சரிங்க, தொடலை. தொடலைங்க.

அக்கா.

கதவைச் சாத்தீட்டா நான் யாருகிட்டப் பேசறதுங்க. அந்தப் பக்கம்தான் நிக்கறீங்கன்னு தெரியுது, காலு தெரியுது கதவுக்கு அடியில. ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு வேண்டாம், அதைக் கொண்டுபோயி அவகிட்டக் குடுக்கோணும். அக்கா என்ன சொன்னாங்கன்னு மொதல்ல அதைத்தான் கேப்பா. ‘போயிச் சேரு’ன்னாக்கூடப் போதும், அதையே சொல்லிக்கறேன்.

இங்கிருந்து டீக்கடைக்கு அம்பதடி இருக்குமா. அதுக்குள்ள எனக்கு ஒண்ணு தயாராயிரும், பாத்துக்குங்க. அக்கா அழுதாங்க, கையப் புடிச்சுக்கிட்டாங்க, உன்மேல தப்பில்லைன்னாங்க, தைரியமா மாலை போட்டுக்கச் சொன்னாங்க. இப்பவே வாய்க்குள்ள வந்து நிக்குது. எவ்வளவு லேசா வருது பாருங்க.

ஸ்கூட்டர்ல இருந்து எறங்கீட்டாளுங்க. குடையில்லாம வர்றா. பாதி வீதியில நின்னுக்கிட்டா, கைக்குட்டைய மூக்குல வெச்சுட்டு. கிட்ட வரமாட்டா, அங்கிருந்தேதான் கேப்பா. அக்கா, உங்களுக்கும் கேக்கும்.

சொல்லீட்டேன் சாமி. எல்லாத்தையும். ஆமா, போன்ல சொன்னதையும். நீ பக்கத்துல நின்னதையும்.

இல்ல கண்ணு. ஒண்ணும் சொல்லலை. கதவைச் சாத்திக்கிட்டாங்க.